தோட்டம் ஜெயித்த ஞாயிற்றுக்கிழமை

அத்தியாயம் பதினேழு

பஞ்சாட்சரம் தன் மனைவி தேவானையிடம் சத்தியம் வாங்கிக்கொண்டதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். அந்தச் சத்தியம் ஆறு நாள் தாங்கியது. அதுவே பெரிய விஷயம் என்பேன். பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளில் ஒரு வீட்டுக்காரர் தும்மினால் பக்கத்து வீட்டில் கஷாயம் வைத்துவிடுவார்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அடையாற்றின் கரையில் கன்னியம்மா தோட்டம் என்று ஒரு குடியிருப்பு இருந்தது. எட்டு மாதத்துக்கு முன் அதை இடித்து, அங்கே இருந்த எல்லோரையும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அந்தத் தோட்டத்துப் பெண்பிள்ளைகளுக்கு ஒரு ரக்பி அணி உண்டு. பஞ்சாட்சரத்தின் ஒரே மகள் நிலா, ப்ளஸ் டூ படிக்கிறவள், அதில் ஆறு வருஷமாக ஆடினாள். பஞ்சாட்சரம் அந்த அணிக்கு ஆறு வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தினார்.

இந்த வருஷம் வட்டாரக் கோப்பைக்குப் புதிதாக ஒரு விதி வந்தது. ஆதார் அட்டையில் எந்த ஊர் முகவரி இருக்கிறதோ அந்த ஊர் அணிக்குத்தான் ஆடலாம். மற்றப் பெண்களும் பெரும்பாக்கத்தில்தான் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் அட்டைகளில் எல்லாம் பழைய தோட்டத்து முகவரி. நிலாவின் அட்டையில் மட்டும் பெரும்பாக்கம். பட்டியலிலிருந்து அவள் பெயர் போய்விட்டது.

"ஆபீஸ்ல கம்ப்யூட்டர் தப்பு பண்ணிடுச்சும்மா. அவங்களா மாத்திட்டாங்க" என்று பஞ்சாட்சரம் மகளிடம் சொன்னார்.

கம்ப்யூட்டர் பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை. மாற்றியது அவரேதான். குடும்பத் தலைவரின் அட்டை போதும் என்று முகவரி மாற்றும் முகாமில் சொன்னார்கள். இவர் மூன்று அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றார். பெரிய வெள்ளத்தின்போது, அட்டையில் முகவரி வேறாக இருந்ததால், ஏழு வயசு நிலாவைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க நிவாரண முகாம் வாசலிலேயே நின்ற மனுஷர் அவர். அன்றைக்குப் பிடித்த பயம் இன்னும் விடவில்லை. அதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. மகளிடம் பொய் சொன்னதைத்தான் மன்னிக்க முடியவில்லை. அது வெளியே வரக் கூடாது என்றுதான் தேவானையிடம் சத்தியமும் வாங்கினார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. இறுதி ஆட்டம். தோட்டத்து அணியும் பெரும்பாக்கம் அணியும் மோதுகின்றன.

*

பகல் பன்னிரண்டு மணிக்குப் பஞ்சாட்சரம் தன் குட்டி யானை சரக்கு வண்டியின் சாவியை எடுத்தார். தோட்டத்து அணியை எந்த ஊர் ஆட்டத்துக்கும் அவர்தான் ஏற்றிப் போவார். இன்றைக்கும் அவரைத்தான் கேட்டிருந்தார்கள். மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

நிலா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"வர்றியாம்மா? சொம்மா வந்து பாரு. உன் ஃப்ரெண்டுங்கதானே."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போன பிறகுதான் குரல் வந்தது.

"நைனா, கம்ப்யூட்டர் தப்புன்னா எல்லாருக்கும்தானே தப்பாயிருக்கணும்? எனுக்கு மட்டும் எப்பிடி?"

"அதான் நாளைக்குப் போய்க் கேக்கப் போறேன்ல."

"நாளைக்குக் கேட்டு இன்னா பண்றது? ஆட்டம் இன்னிக்கு."

அவர் படியிறங்கினார். ஆறு மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. நாலாவது மாடித் திருப்பத்தில் தேவானை பின்னாலேயே வந்து சட்டையைப் பிடித்தாள்.

"நீயே அவளாண்ட சொல்லிடு. வெளியில யார்னா சொல்லி அவ கேட்டான்னா தாங்க மாட்டா."

"கப்பு முடியட்டும் தேவானை."

"கப்பு முடிஞ்சா உனக்குத் தைரியம் வந்துடுமா?"

"சத்தியம் பண்ணிக்கீற. ஞாபகம் வச்சுக்கோ."

தேவானை சட்டையை விட்டாள். இருபது வருஷத்தில் இந்த மனுஷன் யாரையும் ஏமாற்றி அவள் பார்த்ததில்லை. அவர் கீழே இறங்கிப் போகிறவரை அந்தத் திருப்பத்திலேயே நின்றாள்.

*

வண்டியின் பின்னால் பத்துப் பெண்கள் தார்ப்பாய்க்குக் கீழே நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். முன்சீட்டில் கோச் அனுப்ரியா, அவளை ஒட்டி இஃப்ரா.

தோட்டத்தில் பஞ்சாட்சரம் வீட்டுக்கு எதிர்வீடு இஃப்ராவின் வீடு. ஜைதூன் பீயின் மகள். நிலா ஆடிய ஒன்பதாம் நம்பர் இன்று அவள் முதுகில் இருந்தது. கூட்டத்தில் சிக்கிய பந்தை எடுத்து மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற இடம் அது. ஆட்டத்தின் சாவி அங்கேதான். இஃப்ரா சோழிங்கநல்லூர் வரை நகத்தைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

"நிலா வரலியா மாமா?"

"தலைவலியாம்."

"என்மேல கோவமா கீதா?"

"உன்மேல இன்னா கோவம்? நீ இன்னா பண்ணே?"

"நிலா ஆடுன எடத்துல என்னால ஆட முடியாது மாமா. மெய்யாலுமே பயமா கீது."

திருவான்மியூர் தாண்டி அடையாறு பாலம் வந்தது. பின்னால் அதுவரை பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். பாலத்திலிருந்து பார்த்தால் தோட்டம் இருந்த இடம் தெரியும். இப்போது நீல நிறத் தகரம் வைத்து நெடுக அடைத்திருந்தார்கள். உள்ளே ஒரு வேப்பமரம் மட்டும் மிச்சம்.

பாலம் இறங்கியதும் பஞ்சாட்சரம் ஒரு காரியம் செய்தார். ஏன் செய்தார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. தன் அணி தோற்பதைப் பார்க்க அவர் உடம்புக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

"இந்தா இஃப்ரா, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. பந்தை எடுத்த ஒடனே வலது பக்கம் போடற மாரி கையைக் கொண்டு போ. போடாத. அவளுங்க எல்லாம் அந்தாண்ட சாய்வாளுங்க. நீ பந்தை வச்சிக்கினே இடது பக்கம் பிச்சிக்கினு ஓடு. ஓரமா ஒரு சந்து கெடைக்கும்."

அனுப்ரியா திரும்பிப் பார்த்தாள். "இது யார் சொன்னது அண்ணா?"

"நிலா. ரெண்டு மாசமா வெராண்டாவுல தலகாணிய வச்சிக்கினு பழகிக்கினு இருந்துச்சு. யாருக்கும் காட்டல. ஃபைனலுக்குன்னு வச்சிருந்துச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கு உறைத்தது.

*

பெரும்பாக்கத்தில் தேவானை மகளை எழுப்பியே விட்டாள்.

"எந்திரி. மூஞ்ச கழுவு. சொவத்தைப் பாத்துக்கினு கெடந்தா மட்டும் மனசு ஆறிடுமா? போய்ப் பாத்துட்டு அழு."

இரண்டு பஸ் மாறி மயிலாப்பூர்ப் பக்கத்து மைதானத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது பாதி ஆட்டம் முடிந்திருந்தது.

ரக்பி தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடி, எதிரணிக் கோட்டைத் தாண்டித் தரையில் அழுத்தினால் ஐந்து புள்ளி. அதன்பின் இரண்டு கம்பங்களுக்கு நடுவே உயர உதைத்தால் இன்னும் இரண்டு. இவர்கள் ஆடுவது ஏழு பேர் ஆட்டம். ஏழும் ஏழும் பதினாலு நிமிஷத்தில் முடிந்துவிடும். ஒரு பெண்ணின் ஆறு வருஷத்தைத் தீர்த்து வைக்க அது போதும்.

பெரும்பாக்கம் பத்து. தோட்டம் பூஜ்யம்.

பஞ்சாட்சரம் கோட்டின் மூலையில், சிவப்புக் கொடிக்குப் பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு எப்போதும் அந்த இடம்தான். உட்கார மாட்டார், தண்ணீர் குடிக்க மாட்டார். தோட்டத்துப் பெண் கம்பத்துக்கு உதைக்கும்போது மட்டும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார். கூட்டம் போடுகிற சத்தத்தை வைத்துத்தான் உள்ளே போனதா இல்லையா என்று தெரிந்துகொள்வார். இன்றைக்கு ஒருமுறைகூடத் திரும்பிக்கொள்ள வாய்ப்பு வரவில்லை.

நிலா அவர் கண்ணில் படாமல் எதிர்ப்பக்கம் போனாள். அங்கே ஜைதூன் பீ பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நிலாவைப் பார்த்ததும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"வந்தியா கண்ணு! நீ இல்லாம இதுங்க கண்ணைக் கட்டி வுட்ட மாரி ஓடுதுங்க. என் பொண்ணு பந்தை எடுத்தா யாருக்குப் போடறதுன்னே தெரியாம முழிக்குது, இங்கேருந்தே தெரியுது."

"சரியாயிடும் அத்தே."

"எல்லாம் இந்தக் கார்டால வந்தது. எங்க வூட்டுக்காரரு சோம்பேறி. கேம்ப்ல ஒரு கார்டு போதும்னாங்க, அத்தோட வந்துட்டாரு. நம்ம பிளாக்குல எல்லாரும் அப்பிடித்தான். உங்க நைனாதான் கெட்டிக்காரரு. மூணையும் கையில வச்சிக்கினு ரெண்டு நாளு லைன்ல நின்னு மாத்திக்கினு வந்தாரு. நான்தான் அவருக்கு டீ வாங்கிக் குடுத்தேன். கெட்டிக்காரத்தனமே இப்ப உனக்கு வெனையாப் பூடுச்சு பாரு."

ஜைதூன் பீ கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நிலாவுக்குத் தெரியும் என்றே நினைத்தார். தோட்டத்துக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்.

நிலா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். தேவானை புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு மைதானத்தைப் பார்த்தாள்.

"யம்மா. உனக்கும் தெரியுமா?"

"சத்தியம் வாங்கிட்டாருடி."

அவ்வளவுதான் கேட்டாள். கோபப்பட்டிருந்தால் தேவானைக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நிலா மைதானத்துப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்குள் விசில் ஊதிவிட்டது.

இரண்டாம் பாதியின் மூன்றாவது நிமிஷம் தோட்டத்தின் குண்டுப் பெண் ஒருத்தி, இரண்டு பேரை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு, கம்பத்துக்கு நடுவே போய் விழுந்தாள். ஐந்து. பஞ்சாட்சரம் உடனே முதுகைக் காட்டினார். கூட்டம் கத்தியது. ஏழு.

பத்துக்கு ஏழு.

அதன்பிறகு நாலு நிமிஷம் பெரும்பாக்கத்துப் பெண்கள் பந்தை விடவே இல்லை. அவர்களும் எங்கெங்கிருந்தோ இடித்து அனுப்பப்பட்ட பிள்ளைகள்தான். ஒரே வருஷத்தில் நன்றாகத்தான் ஆடக் கற்றிருந்தார்கள். மணி அடிக்க இன்னும் சில நொடிதான். ஆனால் இந்த ஆட்டத்தில் மணி அடித்தாலும், அதற்கு முன் கிடைத்த பந்தை ஆடி முடித்தால்தான் ஆட்டம் முடியும். கடைசி நொடியில் பெரும்பாக்கத்துப் பெண் ஒருத்தி பந்தைக் கைதவறி முன்னால் விட்டாள். தோட்டத்துக்குப் பந்து, கூடவே மணியும் அடித்தது. மூன்றும் மூன்றும் பேர் தோளோடு தோள் முட்டிக் குனிந்தார்கள். அவர்கள் கால்களுக்கு நடுவிலிருந்து பந்து பின்னால் வர, இஃப்ரா குனிந்து எடுத்தாள்.

எடுத்து, வலது பக்கம் கையைக் கொண்டுபோனாள்.

நிலா அதை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். தோள் எவ்வளவு திரும்பவேண்டும், கண் எங்கே பார்க்கவேண்டும் என்று அவள் வெராண்டாவில் ராத்திரியும் பகலுமாகப் பழகியது. அவளும் ஒரு தலையணையும், சாயங்காலத்தில் படியில் உட்கார்ந்து பார்த்த நைனாவும். வேறு யாருக்கும் அது தெரியாது.

பெரும்பாக்கத்துப் பெண்கள் மொத்தமும் வலது பக்கம் சாய்ந்தார்கள். இஃப்ரா பந்தை மார்போடு அணைத்து இடது பக்கம் ஓடினாள். ஓரத்தில் சந்து இருந்தது. அவள் போய் விழுந்த இடம் சிவப்புக் கொடியின் காலடி. பஞ்சாட்சரத்தின் காலடி என்றும் சொல்லலாம்.

பன்னிரண்டு. பத்து.

ஆறு வருஷத்தில் தோட்டம் வாங்கும் முதல் கோப்பை அது. எத்தனை அரையிறுதியில் தோற்று, அழுகிற பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார் அந்த மனுஷர்! அந்த ஒரு நிமிஷத்தில் அவருக்கு அட்டையும் ஞாபகமில்லை, சத்தியமும் ஞாபகமில்லை. கயிற்றைத் தாண்டிக் குதித்தார். தோள்துண்டை எடுத்துச் சுழற்றினார். "தோட்டம்டா! எங்க தோட்டம்டா!" என்று கத்தினார். யாரோ மேளம் தட்ட, ஐம்பது வயசுக்காரர் ஆடவே ஆடினார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சந்தோஷம் வரும்போது ஆளைக் கேட்டுக்கொண்டா வருகிறது?

சுற்றி ஆடிய வேகத்தில் திரும்பியபோதுதான் பார்த்தார். மைதானத்துக்குள் பாதி தூரம் வந்து நிலா நின்றிருந்தாள். துண்டு அவர் கையிலேயே நின்றது.

*

பரிசு கொடுத்தார்கள். போட்டோ எடுத்தார்கள். கோச்சையும் சேர்த்துப் பன்னிரண்டு பதக்கம், பன்னிரண்டு கழுத்து. இஃப்ரா கும்பலிலிருந்து கையை ஆட்டி, "நிலா, வா! வாடி!" என்று கூப்பிட்டாள். நிலா கேட்காததுபோல் இருந்தாள். அங்கே போய் நின்றால் தன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பெரும்பாக்கம் அணியின் கோச் ராம்குமார் தன் பெண்களைத் தேற்றி வேனில் ஏற்றிவிட்டு அவளிடம் வந்தார்.

"நீதானே நிலா? போன வருஷம் உன் ஆட்டத்தைப் பார்த்திருக்கேன். எங்களுக்கு ஒன்பதாம் நம்பருக்கு சரியான ஆள் இல்லம்மா. இன்னிக்குத் தோத்ததே அதனாலதான். உன் அட்டை நம்ம ஏரியாதானே? யோசிச்சுச் சொல்லு."

"ஃபார்ம் வச்சிருக்கீங்களா சார்?"

அவரே திடுக்கிட்டார். பையைத் துழாவி ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார்.

பஞ்சாட்சரம் வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். நிலா நேரே அவரிடம் போனாள். தேவானை நாலடி தள்ளியே நின்றுவிட்டாள்.

"ஜைதூன் அத்தே சொல்லிடுச்சு நைனா."

அவர் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"நிலாம்மா... அந்த வெள்ளத்தப்போ அட்ரஸ் வேறன்னு சொல்லி..."

"அது தெரியும். நூறு தபா சொல்லிக்கீற. கார்டை மாத்துனதுக்கு நான் ஒண்ணும் கேக்கல. என்னாண்ட ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சும்மா."

"நானா பயம்?"

அவரால் தலையைத் தூக்க முடியவில்லை.

"இஃப்ராவுக்குச் சொல்லிக் குடுத்தியே, அப்ப பயமா இல்லியா?"

பஞ்சாட்சரம் தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நிலா தாளை நீட்டினாள். "பதினெட்டு ஆவலியாம். அப்பா கையெழுத்து வோணும்."

அணியின் பெயர் இருந்த வரியைப் பஞ்சாட்சரம் இரண்டு தடவை படித்தார். பெரும்பாக்கம்.

"இன்னாம்மா அவசரம்? நான் நாளைக்கே போறேன். லைன்ல நிக்கிறேன். கார்டைத் திருப்பி மாத்திடலாம். அடுத்த வருசம் நீ நம்ம தோட்டத்துக்கே..."

"எந்த வூட்டு அட்ரஸ் போடுவ?"

"நம்ம வூடுதான். பழைய..."

"எங்க கீது நைனா அந்த வூடு?"

மேளக்காரர்கள் மேளத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வண்டிக்குள் பெண்கள் கோப்பையில் தண்ணீர் ஊற்றி ஆளுக்கொரு மடக்குக் குடித்துச் சிரித்தார்கள்.

பஞ்சாட்சரம் பேனாவைக் கேட்டு வாங்கினார். வண்டிக் கதவின்மேல் தாளை வைத்து எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். நிலா வாங்கி மடித்துக்கொண்டு, தோற்ற அணியின் வேனை நோக்கி நடந்தாள். தேவானை கணவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு மகள் பின்னாலேயே போய்விட்டாள்.

*

ஜெயித்தவர்களும் தோற்றவர்களும் போகவேண்டிய ஊர் ஒன்றே. அதனால் வழி முழுக்க அந்த வேன் முன்னாலும் பஞ்சாட்சரத்தின் வண்டி பின்னாலுமாகவே போயின.

பாலத்தின்மேல் இந்தமுறை பெண்கள் பாட்டை நிறுத்தவில்லை. தகர அடைப்பைப் பார்த்துக் கோப்பையைத் தூக்கிக் காட்டி, "தோட்டம்! தோட்டம்!" என்று கத்தினார்கள்.

திருவான்மியூர் சிக்னலில் வேனுக்குப் பக்கத்திலேயே நிற்கவேண்டியதாயிற்று. ஜன்னலோரத்தில் நிலா. அழுதுகொண்டிருந்த ஒரு பெரும்பாக்கத்துப் பெண் அவள் தோளில் சாய்ந்திருந்தாள். நிலா இந்தப் பக்கம் திரும்பவில்லை.

இஃப்ரா எட்டிப் பார்த்தாள். கழுத்தில் பதக்கம் ஆடியது.

"மாமா, நிலா ஏன் அந்த வண்டியில போவுது?"

பச்சை விழுந்தது. பஞ்சாட்சரம் கியரைப் போட்டார். இனிமேல் யாரிடமும் பொய் சொல்வதில்லை என்று பாலத்தின்மேல்தான் முடிவெடுத்திருந்தார். அதனால் சொன்னார்.

"அவ இனிமே அந்த டீமு கண்ணு. பெரும்பாக்கம் அட்ரஸ்ல. அவ அங்க இருக்கிறவ."

இஃப்ரா பதக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"நாங்களும் அங்கதானே மாமா கீறோம்?"

"சத்தமா சொல்லாதே, யாராவது கேட்டா கப்பு போயிடும்" என்று அனுப்ரியா சட்டென்று அவள் வாயைக் கையால் பொத்தினாள். பின்னால் பாட்டு நின்றுவிட்டது.